அம்புலன்ஸில ஏற முதல்: யாழ்ப்பாணத்தில ஈ.எம்.ரி வேலைக்கு வர யோசிக்கிற தம்பி தங்கச்சியளுக்கு

கிழமைக்கு ஒருக்காவாவது ஆராவது என்னட்டக் கேக்கினம், அக்கா இந்த அம்புலன்ஸ் வேலைக்கு எப்பிடிச் சேருறது, சம்பளம் எவ்வளவு, பொம்பிளைப் பிள்ளையள் செய்யலாமோ, இரவில பயமில்லையோ எண்டு. ரோட்டில நிண்டு ரெண்டு வசனத்தில சொல்லிப் போட்டுப் போற விசயமில்லை இது, அதால எனக்குத் தெரிஞ்சதை ஒழுங்கா எழுதி வைக்கிறன். நல்லதும் எழுதுறன், கஷ்டமும் எழுதுறன். வாசிச்சுப் போட்டு நீங்களே முடிவெடுங்கோ.

முதல்ல இது என்ன வேலை எண்டு விளங்கிக் கொள்ளுங்கோ

எங்கட நாட்டில பாராமெடிக்கல் எண்டு சொன்னா ஆஸ்பத்திரிக்குள்ள லாப்பில ரத்தம் சோதிக்கிறவை, எக்ஸ்ரே எடுக்கிறவை, மருந்து குடுக்கிற பாமசிஸ்ட், பிசியோதெரபி செய்யுறவை, இவையளைத்தான் சொல்லுறது. பேப்பரில துணை மருத்துவ சேவையினர் பணிப்பகிஷ்கரிப்பு எண்டு வந்தா அது அவையளைப் பற்றின செய்தி. வெளிநாட்டுப் படங்களில காட்டுற பாராமெடிக், அதாவது வீட்டு வாசலுக்கு வந்து ஆளைப் பாத்து, முதல் சிகிச்சை குடுத்து, வண்டியில ஏத்திக்கொண்டு போற ஆள், அவருக்கு இஞ்ச பேர் ஈ.எம்.ரி, அதாவது அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர். ரெண்டும் வேற வேற பாதை, படிப்பும் வேற. யாழ் பல்கலைக்கழகத்தில நேர்சிங், பாமசி, ஆய்வுகூட விஞ்ஞானம் எண்டு டிகிரி இருக்குத்தானே, அதைப் படிச்சா அம்புலன்ஸில போகலாம் எண்டு நினைச்சுக்கொண்டு கம்பஸ் போற பிள்ளையளையும் நான் கண்டிருக்கிறன், அதால முதலே சொல்லிப் போட்டன்.

இண்டைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சது 1990 சுவசெரிய. 2016 ஜூலையில இந்திய உதவியோட மேல், தென் மாகாணங்களில 88 அம்புலன்ஸோட தொடங்கினது. வடக்குக்கு வந்தது 2018 ஜூலை 21, யாழ்ப்பாணத்தில வைச்சுத்தான் தொடக்கி வைச்சவை. 1990-க்கு அடிச்சா காசில்லை, எந்த நேரமும் அடிக்கலாம், தமிழிலயே கதைக்கலாம். வண்டியில ரெண்டு பேர்தான், ஒண்டு ஈ.எம்.ரி, மற்றது பைலட், அதாவது டிரைவர். இதை விட ஆஸ்பத்திரிகளின்ர சொந்த அம்புலன்ஸ் இருக்கு, அது கூடுதலா ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு நோயாளியை மாத்துற வேலை. பிறகு தனியார் அம்புலன்ஸ். நான் எழுதுறது எல்லாத்துக்கும் ஓரளவு பொருந்தும், ஆனா வீட்டு வாசலுக்குப் போற வேலையை மனசில வைச்சுத்தான் எழுதுறன்.

விண்ணப்பிக்க முதல் உங்களை நீங்களே சோதிச்சுப் பாருங்கோ

இதை ஒருத்தரும் சொல்லித் தாறேல்ல. போம் நிரப்ப முதல் மூண்டு விசயம் செய்து பாருங்கோ.

ஒண்டு, செஞ்சிலுவைச் சங்கத்திலயோ சென்ட் ஜோன்ஸ் அம்புலன்ஸ் அமைப்பிலயோ ஒரு முதலுதவி வகுப்புக்குப் போங்கோ. பாடத்துக்காக இல்லை, முன்பின் தெரியாத ஒராளின்ர உடம்பைத் தொட்டுப் புரட்டிக் கட்டுப் போடேக்க உங்கட கை கூசுதோ இல்லையோ எண்டு உங்களுக்கே தெரிய வரும். ரெண்டாவது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி ரத்த வங்கியில போய் ஒருக்கா ரத்தம் குடுங்கோ, குடுத்திட்டு அப்பிடியே கொஞ்ச நேரம் ஓ.பி.டி, அதாவது வெளிநோயாளர் பிரிவுப் பக்கம் இருந்து பாருங்கோ. சத்தம், மணம், அழுகை, வரிசை. அது உங்களுக்கு நெஞ்சை அடைக்குது எண்டா பரவாயில்லை, கன பேருக்கு முதல் நாள் அப்பிடித்தான். ரெண்டாந்தரம் போகேக்கயும் அப்பிடியே இருந்தா கொஞ்சம் யோசிக்க வேணும்.

மூண்டாவது பாரம். ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. உங்களோட இன்னொராளைச் சேர்த்துக்கொண்டு அதைத் தூக்கி, வீட்டுப் படியால இறங்கி, படலை மட்டும் கொண்டு போய்ப் பாருங்கோ. எங்கட ஆக்கள் 80 கிலோ, 90 கிலோவும் இருப்பினம், சீமெந்துப் பை நெளியாது, மனுசர் நெளிவினம், வழுக்குவினம், கையை வீசிக் கதவு நிலையைப் பிடிப்பினம். பெடியனோ பெட்டையோ, பாரம் ஒண்டுதான். முழங்காலை மடிச்சுத் தூக்கப் பழகுங்கோ, இடுப்பை வளைச்சுத் தூக்கினா முப்பது வயசில முதுகு போயிடும், இது வெருட்டிறதுக்குச் சொல்லேல்ல, என்னோட வேலை தொடங்கின ஒரு பிள்ளை டிஸ்க் விலகி இப்ப வேற வேலை பாக்குது.

பாசையையும் சேர்த்துச் சொல்லுறன். தமிழ் மட்டும் காணாது. ஆஸ்பத்திரித் துண்டு எல்லாம் இங்கிலீஸ், அதை வாசிக்கவும் எழுதவும் தெரிய வேணும். சிங்களம் ஓரளவு கதைக்கத் தெரிஞ்சா பெரிய உதவி. நயினாதீவு விகாரையைக் கும்பிட பஸ் பஸ்ஸா தெற்கில இருந்து சிங்கள ஆக்கள் வருகினம், ஏ9 ரோட்டில விபத்து நடந்தா அதுக்குள்ள இருக்கிற அம்மாவிட்ட எங்க நோகுது எண்டு அவவின்ர பாசையில கேக்கத் தெரியாம நிக்கிறது சரியான வேதனை.

விண்ணப்பமும் கள்ளக் கோர்ஸும்

ஆள் எடுக்கேக்க விளம்பரம் வரும், அதில கேக்கிற தகைமையை வரிக்கு வரி வாசியுங்கோ, ஏன் எண்டா ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மாறும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஓ.எல், ஏ.எல் பெறுபேறு, கிராம சேவகரிட்ட எடுத்த நற்சான்றிதழ், இதுகளை எப்பவும் போட்டோக்கொப்பி எடுத்து ஒரு பைலில வைச்சிருங்கோ. ஆரும் நடுவில நிண்டு காசு தாங்கோ எடுத்துத் தாறன் எண்டு சொன்னா ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

பாராமெடிக் டிப்ளோமா எண்டு பெரிய போட் போட்டு வகுப்பு நடத்துற இடங்களும் இருக்கு. நல்லதும் இருக்கு, வெறும் சேர்ட்டிபிக்கேட் அச்சடிக்கிறதும் இருக்கு. காசு கட்ட முதல் ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்கோ: மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சிருக்கோ, முடிச்சா என்.வி.கியூ, அதாவது தேசிய தொழில் தகைமை, எத்தினையாம் லெவல் கிடைக்கும். மறுமொழி மழுப்பலா வந்தா எழும்பி வந்திடுங்கோ. அப்பாமார் தோட்டத்தில வெங்காயம் வித்த காசு அது.

ரெயினிங்கில எதைப் பிடிச்சுக் கொள்ள வேணும்

பாடம் கனக்க இருக்கும், உடற்கூறு, மருந்து, பிரசவம், எலும்பு முறிவு, எரிகாயம் எண்டு. எல்லாம் தேவைதான். ஆனா கைக்கு வர வேண்டியது நெஞ்சு அமத்துறது, அதாவது சி.பி.ஆர். நெஞ்செலும்பின்ர கீழ்ப் பாதியில உள்ளங்கையின்ர அடிப்பக்கத்தை வைச்சு, மற்றக் கையை மேல கோர்த்து, முழங்கை மடியாம, பெரிய ஆளுக்கு 5 சென்ரிமீற்றருக்குக் குறையாம 6-க்கு மேல போகாம அமத்த வேணும், நிமிசத்துக்கு 100 தொடக்கம் 120 தரம். 30 தரம் அமத்தி 2 மூச்சு. இது புத்தகம். உண்மையில என்ன நடக்கும் எண்டா ரெண்டு நிமிசத்தில உங்கட கை நடுங்கும், வேர்வை கண்ணுக்குள்ள போகும், நீங்கள் ஆழமா அமத்துறதா நினைப்பியள் ஆனா அரைவாசிதான் போய்க்கொண்டிருக்கும். அதாலதான் ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா ஆள் மாறச் சொல்லுறது. வயசான ஆக்களின்ர விலா எலும்பு கைக்குக் கீழ நொறுங்குற மாதிரி ஒரு சத்தம் வரும், முதல் தரம் கேக்கேக்க கையை எடுத்திடுவியள். எடுக்காதேங்கோ. பொம்மையில பழகேக்கயே களைச்சுப் போகுமட்டும் பழகுங்கோ, ரெயினர் காணும் எண்டு சொன்னாப் பிறகும் இன்னொரு சுற்று செய்யுங்கோ.

இன்னொண்டு, படிச்சதை எல்லாம் தமிழில சொல்லிப் பழகுங்கோ. மானிப்பாயில டொக்டர் கிறீன் எண்ட அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டிலயே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில படிப்பிச்சவர், புத்தகங்களையும் தமிழாக்கினவர். நாங்கள் இப்ப பி.பி டவுண், சச்சுரேசன் டவுண் எண்டு எங்களுக்குள்ள கதைச்சுக்கொண்டு நிப்பம், பக்கத்தில நோயாளியின்ர மனுசி ஒண்டும் விளங்காம எங்கட வாயைப் பாத்துக்கொண்டு நிப்பா. "அம்மா, ஐயாவின்ர ரத்த அழுத்தம் குறைஞ்சு போச்சு, அதாலதான் தலைசுத்து, காலை உயத்திப் படுக்க வைக்கிறம்" எண்டு சொல்ல பத்து செக்கன்தான் போகும். அந்தப் பத்து செக்கனில அவவின்ர கை நடுக்கம் நிண்டு அவ உங்களுக்கு மருந்துப் பையை எடுத்துத் தருவா.

டியூட்டி தொடங்கின உடனை: வண்டியைப் பாருங்கோ

இதில நான் பிழை விட்டிருக்கிறன், அதைச் சொல்லிப் போட்டு மேல போறன்.

வேலைக்கு வந்து முதல் மாதம். காலமை வண்டிச் செக்லிஸ்டில ஒக்சிசன் எண்ட இடத்தில சிலிண்டர் இருக்கு எண்டு பாத்துச் சரி போட்டுக் கையெழுத்து வைச்சிட்டன். கையில தூக்கிக்கொண்டு போற சின்னச் சிலிண்டரைத் திறக்கிற சாவி அதின்ர கழுத்தில தொங்க வேணும், தொங்கேல்ல, நான் கவனிக்கேல்ல. அண்டு பத்து மணி போல ஒரு தொய்வுக்கார ஐயா. ஒழுங்கைக்குள்ள வண்டி போகாது, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினன். கதிரையில முன்னால சரிஞ்சு, ரெண்டு கையையும் முழங்காலில ஊண்டிக்கொண்டு மூச்சுக்குப் போராடுறார், சொண்டு நீலம் பாரிச்சுப் போச்சு, மாஸ்க்கை முகத்தில வைச்சுட்டன், திறக்கச் சாவி இல்லை. பைலட் அண்ணை வண்டிக்கு ஓடி, பெரிய சிலிண்டரடியில கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு வர மூண்டு நிமிசம் போயிருக்கும். அந்த மூண்டு நிமிசமும் ஐயா என்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தவர். அவர் தப்பிட்டார். ஆனா அந்தப் பார்வை இப்பவும் எனக்கு நினைவிருக்கு.

அதால சொல்லுறன், "இருக்கு" எண்டு பாக்காதேங்கோ, "வேலை செய்யுது" எண்டு பாருங்கோ. சிலிண்டரைத் திறந்து காத்து வருதோ எண்டு பாருங்கோ. வாயில தொண்டையில கிடக்கிறதை உறிஞ்சுற சக்ஷன் மெசினைப் போட்டு விரலால அடைச்சு இழுக்குதோ எண்டு பாருங்கோ. கையால அமத்தி மூச்சுக் குடுக்கிற அம்பு பாக்கை அமத்திப் பாருங்கோ, பெரிய ஆளுக்கும் பிள்ளைக்கும் குழந்தைக்கும் மாஸ்க் சைஸ் மூண்டும் இருக்கோ. சுகர் பாக்கிற மெசினுக்கு ஸ்ட்ரிப் இருக்கோ, முடிவுத் திகதி தாண்டேல்லயோ. ஸ்ரெச்சர் பெல்ட் பூட்டுதோ. பிரசவக் கிட் உடைக்காம இருக்கோ. ரோச் லைட். கன வீட்டில மரத்துக்குக் கீழ இருட்டுக்குள்ளதான் ஆள் விழுந்து கிடப்பார்.

வீட்டு வாசலில

கோல் வந்தா கட்டுப்பாட்டறையில இருந்து இடம் வரும், ஆனா யாழ்ப்பாணத்து ஒழுங்கை மப்பில ஒரு மாதிரி, நிலத்தில இன்னொரு மாதிரி. ஒரே பேரில ரெண்டு மூண்டு ஒழுங்கை இருக்கும், பிள்ளையார் கோயிலடி எண்டு சொன்னா ஊருக்கு நாலு பிள்ளையார் கோயில். போனில அவையிட்ட முதலே சொல்லுங்கோ, ஒராளை ரோட்டு முகப்பில ரோச்சோட நிக்க விடுங்கோ, நாயைக் கட்டுங்கோ, படலையைத் திறந்து வையுங்கோ எண்டு. இந்த மூண்டையும் செய்தாலே நாலஞ்சு நிமிசம் மிச்சம்.

போன உடனை உங்களுக்கு விழப்போற முதல் வார்த்தை அனேகமா "ஏன் இவ்வளவு நேரம்" எண்டதுதான். மறுமொழி சொல்லப் போகாதேங்கோ. அவைக்கு ஒரு நிமிசம் ஒரு மணித்தியாலமாத்தான் போயிருக்கும். "வந்திட்டம் அம்மா, இனி நாங்கள் பாக்கிறம்" எண்டு சொல்லிக்கொண்டு நேர நோயாளியிட்டப் போங்கோ. ஆக்கள் கூடி நிண்டா கலைச்சுப் பிரயோசனம் இல்லை, வேலை குடுங்கோ. அண்ணை நீங்கள் இந்த லைட்டைப் பிடியுங்கோ, தம்பி நீங்கள் அந்த மேசையை நகத்துங்கோ, அக்கா இவர் குடிக்கிற மருந்தெல்லாத்தையும் ஒரு பையில போடுங்கோ. வேலை கிடைச்ச ஆள் சத்தம் போடாது.

எங்கட பக்கத்தில திரும்பத் திரும்ப வாறது என்ன எண்டு சொல்லுறன். மோட்டர்சைக்கிள் விபத்து, ஹெல்மெற் கையில கொழுவிக்கொண்டு போன பெடியள். சுகர், பிரசர், நெஞ்சு நோ, பாரிசவாதம். பாரிசவாதத்துக்கு முகம் கோணுதோ, ரெண்டு கையையும் உயத்திப் பிடிக்கேக்க ஒண்டு கீழ இறங்குதோ, கதை குழறுதோ எண்டு பாத்துப் போட்டு, கடைசியா அவர் சாதாரணமா இருந்ததைக் கண்டது எத்தினை மணிக்கு எண்டு கட்டாயம் கேட்டு எழுதுங்கோ. மூளையில அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போட வேணும், அந்த நேரம் தெரியாட்டி டொக்டரால ஒண்டும் செய்யேலாமப் போகலாம்.

பனையால விழுறது. சீவல் தொழில் செய்யுற ஐயாமார், அண்ணைமார். நாங்கள் போக முதலே நாலு பேர் சேர்ந்து கையில ரெண்டு பேர் காலில ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கி, ஓட்டோவுக்குள்ள மடிச்சு இருத்தியிருப்பினம். அன்பிலதான் செய்யினம். ஆனா கழுத்து எலும்போ முள்ளந்தண்டோ உடைஞ்சிருந்தா அந்தத் தூக்கலோடயே கால் வழங்காமப் போயிடலாம். விழுந்த இடத்திலயே கிடக்க விட்டிருந்தா நீங்கள் செய்யுறது இதுதான்: ஒராள் தலைமாட்டில முழங்காலில இருந்து தலையை ரெண்டு பக்கத்தாலயும் அசையாமப் பிடிக்கிறது, கழுத்துப் பட்டி போடுறது, தலை பிடிச்சிருக்கிற ஆள் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" எண்டு சொல்ல மற்றவை தோளையும் இடுப்பையும் சேர்த்து ஒரு மரக்குத்தி உருளுற மாதிரிச் சரிச்சு, கீழால பலகையைத் தள்ளுறது. ரெண்டு பேர்தானே வண்டியில, மிச்ச ஆக்கள் ஊர் ஆக்கள்தான். அதால அவையளுக்கு அந்த இடத்திலயே ஒரு நிமிசம் சொல்லிக் குடுக்க உங்களுக்குத் தெரிய வேணும். "நான் மூண்டு சொல்லுமட்டும் ஒருத்தரும் அசைக்கக் கூடாது." சத்தமா, மரியாதையா.

பாம்புக்கடி. இது தனியா ஒரு கட்டுரை எழுத வேண்டிய விசயம். சுருட்டை விரியன், கண்ணாடி விரியன், நாகம், எட்டடி விரியன் நாலும் எங்கட மண்ணில இருக்கு. போய்ப் பாத்தா கயிறால இறுக்கிக் கட்டியிருப்பினம், பிளேட்டால கீறியிருப்பினம், சில இடத்தில மந்திரிச்சுப் பார்வை பாக்கக் கொண்டு போய் ரெண்டு மணித்தியாலம் போயிருக்கும். ஏசாதேங்கோ. மோதிரம், கொலுசு, கறுத்தக் கயிறு எல்லாம் வீங்க முதலே கழட்டுங்கோ, கடிபட்ட காலை அசையாம மட்டை வைச்சுக் கட்டுங்கோ, நடக்க விடாதேங்கோ. பாம்பைத் தேடி அடிச்சுக்கொண்டு வர வேண்டாம், தூரத்தில நிண்டு போனில ஒரு படம் எடுக்க ஏலுமெண்டா எடுக்கட்டும், இல்லாட்டி அதுவும் வேண்டாம். எட்டடி விரியனைப் பற்றி ஒண்டு நினைவில வைச்சிருங்கோ, நிலத்தில பாய் போட்டுப் படுத்த ஆள், விடியப்புறம் வயித்துக் குத்து எண்டு எழும்புவார், கடிச்ச அடையாளமே இராது, வீட்டுக்காரர் வாயு எண்டு சொல்லுவினம். கண் இமை பாரமா விழுகுதோ எண்டு பாருங்கோ. விழுந்தா மூச்சு நிக்கப்போகுது எண்டு நினைச்சு அம்பு பாக்கைக் கையில வைச்சுக்கொண்டே வண்டியில ஏறுங்கோ.

தீவுப் பக்கம் வேற கதை. வேலணை, புங்குடுதீவுக்கு ரோட்டு இருக்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு எண்டா படகு. நெடுந்தீவில இருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம் கடல், காத்துக் காலத்தில அதுவும் நிச்சயமில்லை. ஜெட்டியில நீங்கள் வண்டியோட நிண்டு, படகில இருந்து ஸ்ரெச்சரை வாங்கேக்க படகு ஏறி இறங்கும், அந்த நேரம் அவசரப்படாதேங்கோ, அலை படகை உயத்துற நேரம் பாத்து வாங்க வேணும். பிறகும் பெரியாஸ்பத்திரிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல கிடக்கு. வழி முழுக்க நோயாளியோட கதைச்சுக்கொண்டு போங்கோ.

நல்லது எங்க இருக்கு

உயிர் காப்பாத்துற வேலை எண்டு சொல்லுவினம். ஒவ்வொரு நாளும் அப்பிடி இல்லை. கன கோல் ஆறுதல் சொல்லிக் கூட்டிக்கொண்டு போறதுதான். ஆனா சில நாள் வரும்.

ஒரு விடியக்காலமை, உரும்பிராய்ப் பக்கம், பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டில, வயசான ஐயாவும் அம்மாவும் தனிய. அம்மா எழும்பிறா இல்லை எண்டு ஐயா போன். போனா அம்மா வேர்த்து நனைஞ்சு, கூப்பிட்டா முனகுறா, கண்ணைத் திறக்கிறா, திரும்ப மூடுறா. ஐயா கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தில இருக்கிறார். இரவு சாப்பிடாம சுகர் குளிசையைப் போட்டிட்டுப் படுத்திட்டா. விரலில குத்திப் பாத்தா 42. விழுங்குறா எண்டு உறுதிப்படுத்திப் போட்டு, நிமித்தி இருத்திப் பிடிச்சுக்கொண்டு குளுக்கோசைக் கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாப் பருக்கினம். விழுங்க மாட்டினம் எண்டா வாயில ஒண்டும் ஊத்தக் கூடாது, இதை மறக்காதேங்கோ. பதினைஞ்சு நிமிசத்தில திரும்பக் குத்தினா 90 தாண்டிட்டுது. அம்மா கண்ணை முழிச்சு, எங்களைப் பாத்து, சீலையைச் சரி செய்துகொண்டு கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையள், தேத்தண்ணி குடிச்சியளோ?"

ஐயா அழத் தொடங்கிட்டார். நானும்தான்.

இது ஒரு லட்சம் சம்பளத்தில கிடைக்காத விசயம். பிரசவமும் அப்பிடித்தான், வண்டிக்குள்ளயே பிள்ளை பிறந்து, துடைச்சு, தாயின்ர நெஞ்சில வைச்சு மூடி, அது வீறிடுற சத்தம் கேக்கேக்க பைலட் அண்ணை முன்னால இருந்து "என்ன பிள்ளை?" எண்டு கேப்பார். நான் பொம்பிளை எண்டபடியால் அந்த நேரத்தில தாய்மாருக்குப் பெரிய ஆறுதல். தங்கச்சியள் இந்த வேலைக்கு வர வேணும் எண்டு நான் நிண்டு சொல்லுறதுக்கு இது ஒரு காரணம்.

கையளிக்கிறதும், அதுக்குப் பிறகும்

ஈ.ரி.யு, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில டொக்டரிட்டயோ நேர்ஸிட்டயோ நோயாளியை ஒப்படைக்கேக்க ஒழுங்காச் சொல்லப் பழகுங்கோ: வயசு, என்ன நடந்தது, எத்தினை மணிக்கு, நாங்கள் போகேக்க எப்பிடி இருந்தவர், என்ன குடுத்தம், குடுத்தாப் பிறகு எப்பிடி, வேற வருத்தம் மருந்து என்ன. அரை நிமிசம் காணும். கதை சொல்லப் போகாதேங்கோ, அவையளுக்கு வரிசையில இன்னும் பத்துப் பேர்.

பிறகு கதவு மூடும். நீங்கள் வெளிய நிண்டு ஸ்ரெச்சரைக் கழுவுவியள். இந்த வேலையின்ர பெரிய பாரம் எனக்கு ரத்தமும் இல்லை, இரவுக் கண்முழிப்பும் இல்லை, முடிவு தெரியாமப் போறதுதான். தண்ணித் தொட்டிக்குள்ள இருந்து எடுத்த ஒரு நாலு வயசுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி மட்டும் நெஞ்சு அமத்திக்கொண்டு போனன். குடுத்தன். கதவு மூடினது. அடுத்த கோல் வந்திட்டுது. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு இண்டைக்கு மட்டும் எனக்குத் தெரியாது. சில வேளை எங்களுக்கு முடிவு தெரியவாறது சந்தி மதிலில. கண்ணீர் அஞ்சலி நோட்டீசில ஒரு முகம், நாலு நாளைக்கு முதல் நான் ஒக்சிசன் மாஸ்க் போட்ட முகம். சின்ன ஊர் எண்டபடியால் இதைத் தவிர்க்க ஏலாது.

ஆனா சின்ன ஊர் எண்டபடியால் மற்றதும் நடக்கும். போன நல்லூர்த் திருவிழாவில ஒரு கச்சான் கடையடியில ஒரு ஐயா நிண்டு பேரப்பிள்ளைக்குக் கச்சான் உடைச்சுக் குடுத்துக்கொண்டு நிக்கிறார். மாரடைப்பெண்டு நான் ஏத்திக்கொண்டு போன ஆள். அவருக்கு என்னைத் தெரியேல்ல, நான் போய்ச் சொல்லவும் இல்லை. பக்கத்துக் கடையில நிண்டு கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டன்.

இதோட சேர்த்து ஒரு கட்டளை மாதிரிச் சொல்லுறன்: நோயாளியைப் படம் எடுக்கக் கூடாது, பேஸ்புக்கில ஒண்டும் போடக் கூடாது, வீட்டில கூடப் பேர் சொல்லிக் கதைக்கக் கூடாது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச ஊர் இது. நஞ்சு குடிச்ச பிள்ளையின்ர பேர் உங்கட வாயால வெளிய வந்தா அந்தக் குடும்பம் ரெண்டாந்தரம் சாகும்.

சம்பளம், நித்திரை, வீடு

சம்பளம் பெரிசில்லை. ஓ.ரி, அதாவது மேலதிக நேரக் காசு சேர்ந்தா சமாளிக்கலாம், ஆனா கொழும்பில ஐ.ரி செய்யுற உங்கட கூட்டாளியோட ஒப்பிட்டுப் பாத்தா மனம் சலிக்கும், ஒப்பிடாதேங்கோ. நான் செய்யுறது 12 மணித்தியால ஷிஃப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். தீபாவளி, பொங்கல், தேர், ஆற்றையும் கலியாணவீடு, பாதிக்கு நீங்கள் இருக்க மாட்டியள். இரவு டியூட்டி முடிஞ்சு வந்து பகல் நித்திரை கொள்ளேக்க யன்னலுக்குக் கறுத்தத் துணி போடுங்கோ, போனை மற்ற அறையில வையுங்கோ, வீட்டில சொல்லி வையுங்கோ. நித்திரை இல்லாம மோட்டர்சைக்கிளில வீட்ட போற நேரம்தான் எங்களுக்கே ஆபத்தான நேரம்.

தங்கச்சியளுக்கு: அம்மா ஓம் எண்டு சொல்ல மாட்டா. என்ர அம்மா மூண்டு மாதம் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல, இரவில தெரியாத வீடு வளவுக்குள்ள போறியே எண்டு. சம்பந்தம் பேச வந்த ஒரு பகுதி இந்த வேலையை விட்டாத்தான் எண்டு சொல்லிச்சினம். நான் விடேல்ல. அம்மாவின்ர மனம் மாறினது நான் வாதாடி இல்லை, எங்கட ஒழுங்கையில ஒராள் விழுந்த அண்டு ஆக்கள் அம்மாவிட்ட ஓடி வந்து "உங்கட மகள் நிக்கிறாவோ" எண்டு கேட்டதாலதான்.

வெளிநாடு போகலாமோ எண்ட கேள்விக்கும் நேர மறுமொழி: இஞ்சத்தைய அனுபவத்தோட நேர போய் அங்க பாராமெடிக் எண்டு வேலை செய்யேலாது. இங்கிலாந்தில பாராமெடிக் எண்ட பேரையே பதிவில்லாம ஒருத்தரும் பாவிக்கேலாது, ஹெச்.சி.பி.சி எண்ட சபையில பதிய வேணும், 2021 செப்ரெம்பர் தொடக்கம் அதுக்கான படிப்பு டிகிரி மட்டம். அவுஸ்திரேலியாவிலயும் 2018 டிசம்பர் தொடக்கம் நாடு முழுக்க ஒரே பதிவு முறை. கனடாவில மாகாணத்துக்கு மாகாணம் லைசன்ஸ். போக நினைக்கிறவை இஞ்ச வேலை செய்துகொண்டே இங்கிலீஸையும் படிப்பையும் கூட்டுங்கோ, ஏஜென்சிக்காரர் சொல்லுறதை நம்பிக் காணியை ஈடு வைக்காதேங்கோ.

மனசு

தூக்குப் போட்ட கேஸ், பிள்ளையள், ரெயில் கடவையில நடக்கிறது, இதுகள் வீட்ட கூட வரும். சாப்பாட்டில மணம் வரும், நித்திரையில சத்தம் வரும். எங்கட ஆக்கள் யுத்தத்தைப் பாத்த ஆக்கள், அதால இதெல்லாம் ஒரு விசயமோ எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். விசயம்தான். கேஸ் முடிஞ்ச உடனை பைலட்டோட பத்து நிமிசம் இருந்து கதையுங்கோ, என்ன நடந்தது, எது சரி வந்தது, எது பிழைச்சது எண்டு. அவர்தான் உங்களோட அதே இடத்தில நிண்ட ஒரே ஆள். ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை குழம்பினா, வேலைக்கு வெளிக்கிடேக்க நெஞ்சு படபடத்தா, குடிக்கத் தேடினா, 1926-க்கு அடியுங்கோ, அது தேசிய மனநல உதவி இலக்கம். இல்லாட்டி ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கோ. கால் உடைஞ்சா போற மாதிரித்தான். நான் போனனான், ரெண்டு மாதம் போனன், பிறகுதான் திரும்ப வேலையை வேலையாச் செய்ய ஏலுமா இருந்தது.

முதல் நாளுக்கு

ரெண்டு பேனை, ஒரு சின்னக் கொப்பி, கையில கட்டுற மணிக்கூடு, செக்கன் முள்ளோட, நாடி எண்ண அது வேணும். மாத்துச் சேட் ஒண்டு கட்டாயம், ஏன் எண்டா முதல் நாளே சத்தி படலாம். ஒரு துவாய், தண்ணிப் போத்தில் பெரிசு, பிஸ்கற் பக்கற், சாப்பாட்டு நேரம் எண்டு ஒண்டு இராது. நகத்தை ஒட்ட வெட்டுங்கோ, மோதிரத்தை வீட்டில கழட்டி வையுங்கோ, தலைமயிரை இறுக்கிக் கட்டுங்கோ. ஹெப்பரைற்றிஸ் பி ஊசி மூண்டும் போட்டு முடிச்சிட்டியளோ எண்டு பாருங்கோ, முடிக்காட்டி அதை முதல் முடியுங்கோ. டியூட்டிக்குக் கால் மணித்தியாலம் முந்திப் போங்கோ. போன உடனை சின்னச் சிலிண்டரின்ர கழுத்தைப் பாருங்கோ, சாவி தொங்குதோ எண்டு.